நடராஜர் காலடியில் கிடப்பவன் பலி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெனீவாவில் உள்ள செர்ன் அணு ஆய்வு மையத்தின் நடராஜர் சிலைப் படம் சில மாதங்களுக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் சுற்றுக்கு வருகிறது. அதனுடன் இரண்டு விதமான செய்திகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஒன்று, விஞ்ஞானிகள் அழிவுக் கடவுளை வணங்கி நரகத்தின் வாசலைத் திறக்கிறார்கள், காலடியில் கிடப்பது நரபலி என்பது. மற்றொன்று நம் பக்கத்தில் பரவுவது: 'கடவுள் துகள்' எனப்படும் ஹிக்ஸ் துகள் கண்டுபிடிக்கப்பட்டதும் நடராஜர் தத்துவம் மெய்யென்று ஒப்புக்கொண்டு விஞ்ஞானிகளே சிலை வைத்தார்கள் என்பது. முதலாவதைக் கேட்டுக் கொதிப்பவர்கள் இரண்டாவதை மகிழ்ச்சியோடு பத்துப் பேருக்கு அனுப்புகிறார்கள். இரண்டையும் எழுதியவர்கள் அந்தத் திருமேனியை ஐந்து நிமிடம்கூட நின்று பார்த்திருக்க மாட்டார்கள். பத்திரிகைகள் இந்தச் சர்ச்சையைச் செய்தியாக்கும்போது கண்டனத்தையும் பதிலையும் மட்டும் போடுகின்றன. சிலையில் என்ன இருக்கிறது என்பது விட்டுப்போகிறது. அதைச் சொல்லவே இக்கடிதம்.

முதலில் சிலை எப்படி அங்கே போனது என்பது. இந்திய அணுசக்தித் துறைக்கும் செர்னுக்கும் 1960களிலிருந்து தொடர்பு உண்டு. அந்த உறவின் நினைவாக இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு இது. 2004 ஜூன் 18 அன்று திறந்து வைக்கப்பட்டது. உயரம் 2 மீட்டர். ஆய்வு மைய வளாகத்தில் 39, 40 என்ற எண் கொண்ட கட்டடங்களுக்கு இடையில் திறந்தவெளியில் நிற்கிறது. செர்னின் ஆய்வுக் கருவியான பெரிய துகள் மோதலகம் முதன்முதலில் இயங்கியது 2008 செப்டம்பரில். ஹிக்ஸ் துகள் பற்றிய அறிவிப்பு வந்தது 2012 ஜூலை 4 அன்று. ஆகவே அந்தத் துகளைக் கண்டுபிடித்ததால் சிலை வைத்தார்கள் என்பதற்குக் காலக்கணக்கே இடம் தராது. சிலை எட்டு ஆண்டு மூத்தது. நடராஜரைத் தேர்ந்தெடுத்தது இந்திய அரசு. அணுவுக்குள் நடக்கும் ஓயாத இயக்கத்துக்கும் கூத்தனின் ஆட்டத்துக்கும் உள்ள ஒப்புமையைக் காட்டவே தேர்ந்தெடுத்தார்கள். அது உவமை. ஆய்வின் முடிவு என்று யாரும் அங்கே சொல்லவில்லை.

2016 ஆகஸ்டில் இந்தச் சிலைக்கு முன்னால் கறுப்பு அங்கி அணிந்தவர்கள் ஒரு பெண்ணைக் கத்தியால் குத்துவதுபோல் இரவில் நடித்து எடுத்த காணொளி பரவியது. அது புனைவு என்றும், அனுமதியின்றி எடுக்கப்பட்டது என்றும் செர்ன் சொன்னது. விசாரணையும் வைத்தது. ஆனால் அந்தக் காணொளிதான் 'நரபலி' வதந்திக்கு இன்றுவரை தீனி போடுகிறது. காலடியில் ஓர் உருவம் கிடக்கும் சிலைக்கு முன்னால் அப்படி நடித்தால், சிலையே அதைச் சொல்வதுபோல் பார்ப்பவர் கண்ணுக்குத் தோன்றிவிடுகிறது. காலடியில் கிடக்கும் அந்த முயலகன் யார் என்று தெரிந்தால் அந்த மயக்கம் வராது.

சிலையைப் படிக்கும்போது வலம் இடம் என்பது எப்போதும் சுவாமியின் வலமும் இடமும்தான். நமக்கு எதிரே நிற்பதால் சுவாமியின் வலக்கை நம் இடப்பக்கம் இருக்கும். படக்குறிப்புகளில் பாதிப் பிழை இங்கேதான் தொடங்குகிறது. அடுத்த பிழை, அச்சில் பக்க அமைப்புக்காகப் படத்தைக் கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பிப் போடுவது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. துடி, அதாவது உடுக்கை, பின் வலக்கையில் இருக்க வேண்டும். பார்க்கும் நமக்கு அது இடப்பக்கம் தெரியும். அனல் நமக்கு வலப்பக்கம் தெரியும். தூக்கிய பாதம் நம் இடப்பக்கமாக நீண்டிருக்கும். துடியும் பாதமும் சேர்ந்தே பக்கம் மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது என்று பொருள். மதுரை வெள்ளியம்பலத்தில் பெருமான் கால் மாறி, வலக்காலைத் தூக்கி ஆடுகிறார். அது தனிச்சிறப்பு, தலபுராணத்தில் காரணமும் உண்டு. மற்ற தலத்துப் படம் எதிலாவது வலக்கால் தூக்கியிருந்தால் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புவது நல்லது.

இனி கைகள். நான்கு கை, இரண்டு கால். இவற்றில் ஐந்தெழுத்தும் ஐந்தொழிலும் அடக்கம். 13ஆம் நூற்றாண்டில் மனவாசகங்கடந்தார் செய்த உண்மை விளக்கம் 'தோற்றம் துடியதனில்' என்று தொடங்கி ஒரே வெண்பாவில் ஐந்தொழிலைச் சொல்லி முடித்துவிடுகிறது. துடியில் படைப்பு. 'அஞ்சாதே' என்று அமைத்த கையில் காப்பு. அங்கியில், அதாவது கையில் ஏந்திய அனலில், அழிப்பு. ஊன்றிய பாதத்தில் மறைப்பு. தூக்கிய பாதத்தில் முத்தி. சைவ நூல்கள் எத்தனையோ பேசினாலும் சிற்பத்தைக் காட்டிப் பாடம் சொல்ல இந்த ஒரு பாட்டு போதும். நடராஜரை 'அழிவுக் கடவுள்' என்று எழுதுகிறவர்கள் ஐந்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு நான்கை விட்டுவிடுகிறார்கள். அந்த ஒன்றையும் சரியாகச் சொல்வதில்லை. சைவ சித்தாந்தத்தில் அழிப்பு என்பது பிறந்து இறந்து களைத்துப்போன உயிர்களுக்கு இளைப்பாற்றல். உலகத்தைக் கொளுத்திப் போடும் கோபம் அதில் கிடையாது. அப்படி ஒரு கோபம் இருந்தால் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். சோழர் காலத் திருமேனி எதையாவது எடுத்து முகத்தை மட்டும் பாருங்கள். உதடு மூடி, ஓரத்தில் சிறு சிரிப்பு. கோரப்பல் இல்லை. புருவம் நெரியவில்லை. உடம்பு முழுதும் சுழல, முகம் மட்டும் அசையாமல் இருக்கிறது. உக்கிர மூர்த்தி என்றால் சிற்பிக்கு அதற்கென்று தனி இலக்கணம் உண்டு. பைரவருக்கும் காளிக்கும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த அதே கைகள் இங்கே பயன்படுத்தவில்லை.

முன் இடக்கைதான் மிகுதியும் தவறாகப் படிக்கப்படுவது. மார்புக்குக் குறுக்கே யானைத் துதிக்கைபோல் நீண்டு, மணிக்கட்டில் தளர்ந்து, விரல்கள் கீழ்நோக்கித் தொங்கும். கஜஹஸ்தம் என்பார்கள். 'மிதிபடுகிறவனைச் சுட்டிக்காட்டுகிறார்' என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். விரல் நுனியிலிருந்து கண்ணை அப்படியே கீழே இறக்கிக்கொண்டு போனால் போய்ச் சேரும் இடம் தூக்கிய இடப்பாதம். முயலகன் இருப்பது வேறு இடத்தில், ஊன்றிய வலப்பாதத்தின் கீழ். 'இதோ அடைக்கலம்' என்று காட்டும் கை அது. பக்கத்தில் முன் வலக்கை, விரல் மேல்நோக்கி, உள்ளங்கை நமக்குத் தெரியும்படி 'அஞ்சாதே' என்கிறது. அந்தக் கையின் முன்கையில் பாம்பு சுற்றியிருக்கும். அஞ்சாதே என்று சொல்லும் கையிலேயே பாம்பை வைத்த சிற்பியின் துணிவைப் பார்த்து வியக்கலாம். மேலை நாட்டுச் சமய மரபில் பாம்பு தீமையின் அடையாளம் என்பதால் அங்கிருந்து பார்ப்பவர்கள் முதலில் கண்டு மிரள்வதும் இதைத்தான். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பாம்பு எப்படி அங்கே வந்தது என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

தாருகவனத்து முனிவர்கள் வேள்வி செய்து சிவனைக் கொல்ல ஒவ்வொன்றாக ஏவினார்கள். புலி வந்தது. தோலை உரித்து உடுத்திக்கொண்டார். மழுவும் மானும் வந்தன. கையில் ஏந்திக்கொண்டார். பாம்புகள் வந்தன. அணியாகச் சூடிக்கொண்டார். வெண்டலை, அதாவது மண்டை ஓடு வந்தது, சடையில் ஏறியது. துடி வந்தது. முயலகன் வந்தான். கடைசியில் வேள்வித் தீயே வந்தது. அதையும் கையில் வாங்கிக்கொண்டார். கந்தபுராணம் சொல்லும் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு சிலையைப் பார்த்தால், அச்சம் தரும் பொருள் என்று எதைக் காட்டுகிறார்களோ அது அத்தனையும் அவர்மேல் எறியப்பட்டது என்பது விளங்கும். ஏவப்பட்ட தீயும் பாம்பும் அவர் உடம்பில் ஆபரணமாகி நிற்கின்றன. கொலைக் கருவிகளை வைத்துக்கொண்டு நிற்கும் தெய்வம் என்று எழுதுவது கதையைத் தலைகீழாக்குவது.

இப்போது முயலகன். நரபலிக் குற்றச்சாட்டு இவனைச் சுற்றியே எழுவதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிற்ப நூலில் உருவத்துக்கு அளவு தாளக் கணக்கு. ஒரு தாளம் 12 அங்குலம். இந்த அங்குலம் கடைத் தெரு அளவுகோல் அங்குலம் அல்ல, அந்தந்த உருவத்தின் உயரத்தைப் பகுத்து எடுப்பது. ஸ்தபதி தென்னங்கீற்றை உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்துக் குறியிட்டுத்தான் இந்தப் பகுப்பைச் செய்வார். ஒடியோலை என்று அதற்குப் பெயர். பெருமானுக்கு உத்தம தச தாளம், மொத்தம் 124 அங்குலம். முயலகனுக்குக் குள்ளப் பூதங்களுக்கு உரிய நான்கு தாளம், 48 அங்குலம். மனித உருவத்துக்கு இந்த அளவு வராது. பெரிய தலை, குறுகிய கை கால், உப்பிய வயிறு. பலியிடப்பட்ட மனிதனைச் செதுக்க நினைத்த சிற்பி இந்த அளவை எடுத்திருக்கவே மாட்டார்.

அவன் சாகவும் இல்லை. குப்புறக் கிடந்தாலும் தலை தூக்கியிருக்கும். கண் திறந்திருக்கும். பல திருமேனிகளில் கையில் பாம்பைப் பிடித்துக்கொண்டிருப்பான். சிலவற்றில் வாளும் கேடயமும் இருக்கும். உடம்பில் காயம் இல்லை, குருதி இல்லை. நசுங்கிய அடையாளம்கூட இல்லை. ஏன் கொல்லவில்லை என்பதற்குச் சித்தாந்தத்தில் திட்டமான விடை இருக்கிறது. முயலகன் ஆணவ மலம், அதாவது உயிரின் அறிவை மறைக்கும் அறியாமை. ஆணவம் அநாதி, தொடக்கம் இல்லாதது. முத்தி நிலையிலும் அது அழிந்து போவதில்லை, அதன் சக்தி மட்டுமே அடங்கும். அதனால்தான் அவன் உயிரோடு, தலை தூக்கியபடி, எழ முடியாமல் கிடக்கிறான். அவனைப் பிணமாக வார்த்திருந்தால் சித்தாந்தமே பிழையாகியிருக்கும். தத்துவத்தின் ஒரு நுட்பமான முடிபைச் செப்பில் இவ்வளவு சரியாகச் சொன்ன வேறு சிற்பத்தைத் தேட வேண்டும்.

சடையில் இருப்பவை பற்றிச் சிறிது. விரிசடையில் பெருமானின் வலப்பக்கம் கைகூப்பிய சிறு பெண் உருவம் கங்கை. இடுப்புக்குக் கீழே உடல் நீர்ச்சுருளாக முடியும். பிறை, ஊமத்தம்பூ, கொன்றை, மண்டை ஓடு ஆகியவையும் உண்டு. வலக்காதில் ஆண் அணியும் குழை, இடக்காதில் பெண் அணியும் தோடு. அம்மை பாகத்தைக் காட்ட இது. சுற்றி நிற்கும் திருவாசி சுடர் வட்டம். நரக நெருப்பு என்று இதைச் சொல்கிறவர்கள் அது இரண்டு பக்கமும் மகர வாயிலிருந்தோ பீடத்திலிருந்தோ புறப்பட்டு மேலே கூடுவதைப் பார்க்க வேண்டும். ஓங்காரத்தின் வடிவம் என்று உண்மை விளக்கமே சொல்கிறது.

இவ்வளவு சாந்தமான ஒரு திருமேனி ஒளிப்படத்தில் பயங்கரமாகத் தெரிவதற்கு இரண்டு காரணம் உண்டு. சிலையை நிறுவுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதலாவது வெளிச்சம். பொதுவிடங்களில் சிலை வைத்தால் தரையில் விளக்கைப் பதித்து மேல்நோக்கி அடிக்கிறார்கள். கீழிருந்து ஒளி வந்தால் மூக்கின் நிழல் நெற்றிக்குப் போகும், கண்குழி தலைகீழாக இருளும், உதட்டோரச் சிரிப்பு மறைந்துவிடும். எந்த முகமும் அந்த ஒளியில் கொடூரமாகத் தெரியும். கருவறையிலும் அம்பலத்திலும் தீபம் முகத்துக்கு நேரே ஏற்றி இறக்கிக் காட்டப்படும். முகத்துக்கு ஒளி முன்னிருந்து வர வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது. வெளியிடத்தில் வைத்தால் மேலிருந்து, முன்பக்கச் சரிவில், இரு விளக்கு போதும். இரண்டாவது பீடம். நடராஜர் செப்புத் திருமேனி உற்சவர். பீடத்தில் உள்ள துளைகளும் வளையங்களும் தண்டு கட்டித் தோளில் சுமக்க அமைந்தவை. வீதியில் எழுந்தருளும்போது அலங்காரத்தோடு முகமும் கைகளும்தான் முதலில் கண்ணில் படும். அதே திருமேனியை ஆளுயரக் கல்பீடத்தின்மேல் அலங்காரமின்றி ஏற்றினால் பார்ப்பவர் கண்மட்டத்துக்கு வருவது முயலகனும் அவன் முதுகின்மேல் ஊன்றிய பாதமும். முகம் எங்கோ உயரத்தில் இருக்கும். முன்பின் அறியாத ஒருவர் முதலில் காண்பது மிதிபடும் உடல் என்றால் அவர் என்ன நினைப்பார்? பீடத்தை முழங்கால் உயரத்துக்குள் நிறுத்தினால் அஞ்சேல் என்னும் கை கண்ணுக்கு நேரே வரும்.

விளக்கப் பலகைக்கும் இதே அக்கறை வேண்டும். செர்ன் சிலையருகே கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் புகழ்மொழியும் இயற்பியலாளர் ஃபிரிட்ஜோஃப் காப்ராவின் மேற்கோளும் உள்ளன. நல்ல மேற்கோள்கள்தாம். ஆனால் வழிப்போக்கருக்கு எந்தக் கை எதைக் குறிக்கிறது என்பதே முதல் தேவை. சிலையின் கோட்டுப்படம் ஒன்று, அதில் ஆறு எண், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, அந்த ஊர் மொழியில். 'காலடியில் கிடப்பது அறியாமையின் உருவகம், உயிருடன் இருக்கிறது, கொல்லப்படவில்லை' என்ற ஒரு வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். வெளிநாட்டுக்குச் சிலை அனுப்பும் அரசுத் துறைகளும் தமிழ்ச் சங்கங்களும் பலகையின் வாசகத்தையும் சிலையோடு சேர்த்தே தயாரித்து அனுப்ப வேண்டும்.

நம் பக்கத்து வதந்திகளுக்கு வருகிறேன். சிதம்பரம் நடராஜரின் கால் பெருவிரல் பூமியின் காந்தப் புலத்தின் மையப்புள்ளி என்று பல நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததாக ஒரு செய்தி பல ஆண்டுகளாக உலவுகிறது. சில ஆன்மிக இதழ்களே இதை அச்சிட்டிருக்கின்றன. காந்த நடுக்கோடு பூமியைச் சுற்றி ஓடும் ஒரு கோடு. கோட்டுக்கு மையப்புள்ளி கிடையாது. அது இந்தியாவில் செல்வதும் தென்முனையை ஒட்டித்தான். திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைத்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை அனுப்பியதே அந்தக் கோடு அவ்வழியே போகிறது என்பதால்தான். சிதம்பரம் அங்கிருந்து சுமார் 3 பாகை வடக்கே இருக்கிறது. தில்லைக்கூத்தனின் பெருமை காந்தத்தில் இல்லை. 'இனித்த முடைய எடுத்தபொற் பாதமும்' காணக் கிடைத்தால் மனிதப் பிறவியும் வேண்டுவதே என்று பாடிய அப்பருக்கு எந்த நாட்டு விஞ்ஞானியின் சான்றிதழும் தேவைப்படவில்லை. இப்படிப்பட்ட பொய்கள் ஒன்றுக்கு ஒன்று ஊட்டம். 'செர்ன் விஞ்ஞானிகள் நடராஜரை ஏற்றுக்கொண்டார்கள்' என்று நாம் பரப்பும் அதே வரியை எடுத்துத்தான் மறுபக்கத்தார் 'பார்த்தீர்களா, வணங்குகிறார்கள்' என்கிறார்கள்.

இது ஒரு சிலையோடு நிற்கும் விஷயம் அல்ல. 2015 ஆகஸ்டில் நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின்மேல் காளி முகம் ஒளியில் காட்டப்பட்டது. அருகிவரும் விலங்குகளைக் காக்கும் நோக்கத்தோடு நடந்த ஒளிக்காட்சியின் ஒரு பகுதி அது. நகரத்துக்குப் பேய் ஏற்றிவிட்டார்கள் என்று சிலர் எழுதினார்கள். காளியின் தலைமாலையில் உள்ள தலைகளைத் தந்திர மரபு எழுத்துகளாகக் கொள்கிறது என்பதை அப்போது எடுத்துச் சொன்ன செய்தி அரிது. 2024 ஆகஸ்டில் டெக்சாஸ் மாநிலம் சுகர்லேண்ட் அஷ்டலட்சுமி கோயிலில் 90 அடி அனுமன் திருவுருவம் நிறுவப்பட்டபோதும் 'அசுர தெய்வம்' என்ற கூச்சல் எழுந்தது. பிரிந்த ராமனையும் சீதையையும் சேர்த்து வைத்தவர் என்ற கருத்தில் அந்தச் சிலைக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். கதாயுதத்தைப் பார்த்தவர்கள் அபயக் கரத்தைப் பார்க்கவில்லை.

சுவஸ்திகம் இன்னும் சிக்கலானது, ஏனென்றால் அங்கே உண்மையான வேதனை ஒன்று இருக்கிறது. லட்சக்கணக்கான யூதக் குடும்பங்களுக்கு அந்த வடிவம் கொலைக்களத்தின் அடையாளம். அதை மதித்துத்தான் பேச வேண்டும். ஆனால் நம்மவர்கள் சொல்லும் விளக்கம் ஒன்று தவறு. 'நம்முடையது வலஞ்சுழி, நாஜிகளுடையது இடஞ்சுழி' என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். நாஜிக் கட்சி 1920இல் எடுத்துக்கொண்டதும் வலஞ்சுழிதான். திசையை வைத்துப் பிரிக்க முடியாது. அவர்கள் கொடியில் அது 45 பாகை சாய்ந்து, கறுப்பு நிறத்தில், வெள்ளை வட்டத்துக்குள், சிவப்புப் பின்னணியில் இருக்கும். நம் வீட்டு வாசலிலும் கணக்குப் புத்தகத்திலும் போடுவது நேராக நிற்கும், மஞ்சளிலோ குங்குமத்திலோ இருக்கும், பெரும்பாலும் நான்கு மூலையிலும் புள்ளி இருக்கும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2022இல் நாஜிச் சின்னத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றியபோது இந்து, பௌத்த, சமண வழிபாட்டுப் பயன்பாட்டுக்கு விலக்கு அளித்தது. அந்தச் சமயத்தார் பொறுமையாக வேறுபாட்டை எடுத்துச் சொன்னதும் அதற்கு உதவியது. முருகனின் அறுகோணத்தை யூதர்களின் நட்சத்திரம் என்று நினைப்பது இதே வகைக் குழப்பம், ஆனால் இதனால் யாருக்கும் காயமில்லை.

சிலையைச் சரியாக விவரிப்பதில் மற்றொரு பயனும் உண்டு. இதைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலியத் தேசியக் காட்சிக்கூடம் 2008இல் விலைக்கு வாங்கி வைத்திருந்தது. 2014 செப்டம்பரில் அது திரும்பி வந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த கோயில் படங்களோடு ஒப்பிட முடிந்ததால் அடையாளம் உறுதியானது. நம் ஊர்க் கோயில் சொத்துப் பதிவேடுகளில் 'நடராஜர், செம்பு, உயரம் இவ்வளவு' என்பதற்கு மேல் ஒன்றும் இருப்பதில்லை. அந்த விவரத்துக்குப் பொருந்தும் திருமேனி நூறு கிடைக்கும். திருவாசியில் சுடர் எத்தனை, ஒவ்வொரு சுடரும் எத்தனை நாவாகப் பிரிகிறது, எது முறிந்திருக்கிறது, முயலகன் தலை எந்தப் பக்கம், கையில் என்ன, கங்கை உண்டா, அனல் அகலில் இருக்கிறதா விரலின்மேல் இருக்கிறதா, பறக்கும் உதரபந்தத்தின் (வயிற்றுக் கச்சையின்) நுனி முழுதாக இருக்கிறதா, பீடத்தில் எழுத்து உண்டா, துளை எத்தனை என்று எழுத வேண்டும். மெல்லிய பாகங்களே முதலில் முறியும். சுடர் நுனி, சடைக் கற்றை, ஆடை முனை ஆகியவற்றில் உள்ள முறிவும் ஒட்டும்தான் ஒரு திருமேனியின் கைரேகை. முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடி என ஐந்து படம், ஒவ்வொன்றிலும் அளவுகோல் வைத்து. ஒரு திருமேனிக்கு அரை மணி நேர வேலை. ஆகம விதிப்படி படமெடுக்கக் கூடாத இடங்களில் கோட்டுப்படமாவது இருக்கட்டும். அர்ச்சகரும் ஊர்ப் பெரியவர்களும் உடனிருந்தால் இது தடையில்லாமல் நடக்கும்.

தங்கள் நாளிதழிடம் கேட்பது இவை. இத்தகைய சர்ச்சை வரும்போது செய்தியோடு சிலையின் முழு முன்பக்கப் படத்தைப் போடுங்கள். காலடியை மட்டும் வெட்டி எடுத்த படம் வதந்திக்குத்தான் உதவுகிறது. 'அழிவுக் கடவுள்' என்று ஏஜென்சிச் செய்தியில் வந்தால் அதை அப்படியே தமிழில் போடாமல் 'ஐந்தொழில் புரியும் நடராஜர்' என்று எழுதுங்கள். சிற்பத்தைப் பற்றிக் கருத்துக் கேட்க அரசியல் பேச்சாளர்களைத் தேடிப் போவதற்கு முன் மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியிலோ சுவாமிமலை ஸ்தபதிகளிடமோ ஒரு தொலைபேசி அழைப்பில் விவரம் பெறலாம். கண்டித்து எழுதும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நம் தெய்வத்தைப் புரியாமல் பேசியவரைத் திட்டி எழுதும் பத்து வரியில், முயலகன் யார் என்று இரண்டு வரி சேருங்கள்.

நடராஜருக்கு ஆண்டில் ஆறு நாள் திருமுழுக்கு. அவற்றில் மார்கழித் திருவாதிரையும் ஆனி உத்திரமும் எல்லோரும் அறிந்தவை. அந்த நாள்களில் தாங்கள் வெளியிடும் ஆன்மிக இணைப்பின் நடுப்பக்கத்தில் ஒரு சோழர் திருமேனியின் படத்தை முழுதாகப் போட்டு, கை, கால், சடை, காது, திருவாசி, முயலகன் ஆகியவற்றுக்கு எண் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் சேர்த்தால், பள்ளிகளிலும் கோயில் அறிவிப்புப் பலகைகளிலும் வெட்டி ஒட்டிக்கொள்வார்கள். படத்துக்குச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள திருவாலங்காட்டு நடராஜரைப் பரிந்துரைக்கிறேன். திருவாசி இல்லாத அத்திருமேனியில் கைகளும் பாதமும் எந்த மறைப்பும் இன்றித் தெரியும். திருவாசியை மட்டும் வேறொரு சிறு படமாகப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்